முந்நூற்றுப் பதினோரு கோப்புகள்

அப்பாவின் கால்விரல்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. சின்னவள் குனிந்து போர்வையைக் கீழே இழுத்துவிட்டாள். மேலே கழுத்துத் தெரிந்தது. கழுத்தின் நடுவில் மூச்சு விடுவதற்காகப் போட்ட அந்தத் துளை. மறுபடி மேலே ஏற்றினாள். கால் வெளியே வந்தது.

"விடுடி. எந்தப் போர்வைதான் அவருக்குப் பத்துச்சு" என்றாள் அம்மா.

அத்தை அப்போதுதான் வந்து சேர்ந்தாள். சாவுச் செய்தி கேட்டுக் கிளம்பிப் பத்து மணி நேரப் பயணம். பையைக்கூடக் கீழே வைக்காமல் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போற வண்டி எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்கு, அண்ணி."

"ஆபரேஷனுக்கு முன்னாடி பேசிப் பேசிப் பதிவு பண்ணி வச்சானே, அதக் கொஞ்சம் போடுங்க. இவன் குரலக் கேட்டு எட்டு மாசமாச்சு. ஒரே ஒரு தடவ கேட்டுடறேன்."

சின்னவளின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது.

அப்பா நடத்துநராக இருந்தவர். இருபத்தெட்டு வருடம் ஓடும் பேருந்தில் கத்திய குரல். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது சின்னவள்தான் யோசனை சொன்னாள்: தினமும் வேண்டியதை முன்கூட்டியே பேசிவைத்துவிட்டால், பிறகு மடிக்கணினியில் தட்டினால் போதும், அவர் குரலே பேசும். அவர் செல்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினார். முந்நூற்றுப் பதினோரு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் வைத்தார். 'டீ (சர்க்கரை கம்மி)'. 'யாரது?? உள்ள வாங்க'. 'மருந்து கசக்குது!!!'. 'உங்கம்மாவக் கூப்பிடு - அவசரமில்ல'.

அந்த அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் இடைவெளியும் மடிக்கணினி நிரலுக்குச் செரிக்கவில்லை. பாதிக் கோப்புகளைத் திறக்க மறுத்தது. உட்கார்ந்து கையால் மாற்றியிருந்தால் ஒரு பகல் வேலை. ஆனால் சின்னவள் பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டவள். யாருக்கும் தெரியாமல் வீடியோ பார்த்துப் பார்த்து ஷெல் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றிருந்தாள்; நூறு கோப்பு வேலையைக் கணினியே ஒரே மூச்சில் முடிக்க வைக்கும் சில வரிக் கட்டளைகள். 'எங்க வீட்டு இன்ஜினியர்' என்று அப்பா டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இன்ஜினியர் முந்நூறு பெயரைக் கையால் மாற்றுவாளா?

அவரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வரி எழுதினாள். ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர பெயரில் உள்ள எல்லாவற்றையும் நீக்கு. நீக்கிய இடத்தில் ஒரு அடிக்கோடு போடு. நகல் எடுத்து வைக்கவில்லை. இரண்டு கோப்பில் சோதித்துப் பார்க்கவில்லை. ஓட்டினாள். கண் இமைப்பதற்குள் முடிந்தது.

அப்பா வைத்த பெயர்கள் எல்லாமே தமிழ். நீக்கியதில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர், ஒற்றை அடிக்கோடு. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்தது. வரிசையில் கடைசியாக வந்தது மட்டும் மிச்சம். செல்பேசியில் இருந்தவற்றை, இடம் போதவில்லை என்று முந்தின நாளே துடைத்திருந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று சொன்னாள். "எல்லாம் போச்சுப்பா. நான்தான்." அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்: 'மதியம் என்ன சாப்பாடு?'

அதற்கப்புறம் வீட்டில் யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

"எங்க அண்ணி இருக்கு?" என்றாள் அம்மா. "அவரே எல்லாத்தையும் அழிச்சிட்டாரு."

"யாரு, இவனா?"

"இவருதான். 'என் குரல் எனக்கே சகிக்கல, அழிச்சிட்டேன்'னு சிலேட்ல எழுதிக் காட்டினாரு. நாலு நாள் அந்த மனுஷனோட நான் பேசல. பேச முடியாதவர்கிட்ட நான் பேச மாட்டேன்னு முறைச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், பாருங்க."

அந்த நாலு நாள் சின்னவளுக்கு நினைவிருந்தது. மருந்துச் சண்டை என்று நினைத்திருந்தாள். அப்பா தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவளைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தார்கூட.

"பிடிவாதக் கழுத!" அத்தை தம்பியின் மார்பில் அடித்தாள். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். தனக்குப் பிடிக்கலன்னா அடுத்தவங்களுக்கும் கிடையாது. ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனியாடா எங்களுக்கு? சுயநலக்காரா!"

"நல்லாக் கேளுங்க அண்ணி. நான் கேட்டு ஓஞ்சிட்டேன்."

அத்தை சின்னவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் தலையைத் தடவினாள். "பாவம் புள்ள. நீ எவ்வளவு மெனக்கெட்டுச் செஞ்சு குடுத்த. உன் உழைப்பயெல்லாம் பாழாக்கிட்டான்."

அந்தக் கையின் கீழே சின்னவளுக்குக் காது மடல்வரை எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தப் பழியையும் அப்பாவே சுமந்துகொண்டு போய்விடுவார்.

"அப்பா அழிக்கல" என்றாள்.

"என்னடி?"

"அப்பா அழிக்கலம்மா. பேர் மாத்தறேன்னு நான்தான் அழிச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். உங்கிட்ட சொல்லல."

தலையைத் தடவிய கை நின்றது. பிறகு விலகியது. அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்து. "அது என்னன்னு நான் கேட்டதில்ல. பயமா இருந்துச்சு."

அவள் எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அந்த ஒற்றைக் கோப்பைத் திறந்தாள்.

முதலில் செருமல். அப்புறம் அந்தக் கனத்த குரல், நடைபாதைவரை கேட்கிற மாதிரி:

"ஹீட்டர் ஓடுதுடி! ஆஃப் பண்றியா இல்லியா?"

அவ்வளவுதான். அத்தை வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அம்மா கையை ஊன்றி எழுந்தாள். குளியலறைப் பக்கம் நடந்தாள். உள்ளே சுவிட்ச் 'டக்' என்று அணைவது கேட்டது. அவள் உடனே திரும்பி வரவில்லை.