படத்தில் இருந்த பொத்தான்

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தேர்வுப் படிவத்தில் 'அனுப்பு' பொத்தானை ஒன்பது தடவை அழுத்திவிட்டேன். ஒரு தடவைதான் அழுத்த வேண்டும் என்று மூன்றாம் பாடத்தில் இருக்கிறது.

தவறு அதுவல்ல என்பது இதை எழுதியபோது அவளுக்குத் தெரியாது.

மாலை நேரக் கணினி வகுப்பில் அவளுக்கு 'நோட்டு' என்று பெயர். சார் தும்மினால்கூடத் தேதி போட்டு எழுதிக்கொள்வாளாம். பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. இந்தத் தேர்வில் தேறினால் பில் போடும் கணினிக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். படிவம் அனுப்ப வியாழன் மாலை ஆறு மணிவரைதான் நேரம்.

வெள்ளிக்கிழமை வகுப்புக் கதவில், படிவம் அனுப்பியவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். இருபத்திரண்டு பேர். அவள் இல்லை.

"சார், நான் அஞ்சு அம்பத்திரண்டுக்கே அனுப்பிட்டேன் சார். ஸ்கிரீன்ஷாட் இருக்கு."

"அதானே, நோட்டுகிட்ட ஆதாரம் இல்லாமப் போகுமா! என் டேப்லெட்டுக்கு அனுப்பும்மா."

ஸ்கிரீன்ஷாட் போன வாரப் பாடம். அனுப்பும் முன் ஒன்று, அனுப்பிய பின் ஒன்று எடுக்க வேண்டும். முதல் படத்தை அனுப்பிவிட்டு இரண்டாவதைத் திறந்தாள். அதே படிவம்தான். ஆனால் அடியில் 'திருத்து, பகிர், நீக்கு' என்று இருந்தது. எடுத்த படத்தைத் திறந்து பார்க்கும்போது அடியில் வரும் வரிசை அது. முதல் படம் எடுத்ததும் அது திரை முழுக்க விரிந்து நின்றிருக்கிறது. அந்தப் படத்தில் இருந்த பொத்தானைத்தான் ஒன்பது தடவை அழுத்தியிருக்கிறாள். அக்காவுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்: "படத்துல இருக்கற கதவைத் தட்டினவதானே நீ!"

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சார் டேப்லெட்டை மூக்கருகே பிடித்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தானே நிரப்பியிருக்கே. அடடா, கடைசியில 'அனுப்பு' அழுத்தலையேம்மா! இரு, நானே அழுத்திடறேன்."

அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினார்.

"இந்த நெட்டுக்கு என்ன கேடு?"

பழக்கதோஷத்தில் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. சொன்னால் சாரின் மானம் போச்சு. சொல்லாவிட்டால் தன் தேர்வு போச்சு. ஏழாவதில் சொல்லிவிட்டாள்.

"சார்... அது படம் சார்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சார் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

காது மட்டும் சிவந்திருந்தது. எழுந்து போய்ப் பட்டியலின் அடியில் பேனாவால் அவள் பெயரை எழுதினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஆபீஸ்ல காகிதப் படிவம் குடுத்துடு. நான் சொல்லிவைக்கறேன். இதெல்லாம் நோட்டுல எழுதிடாதே."

"எதை சார்?"

மார்ச் 13, வெள்ளி. நான் ஒன்பது தடவை, ~~சார் ஏழு~~. நாளை காலை ஒன்பதரைக்குக் காகிதப் படிவத்தை அலுவலகத்தில் கையால் கொடுக்க வேண்டும். இரண்டு புகைப்படம், நீலப் பேனா.