ஒரு டீ நேரம்

காலை பத்து இருபதுக்கு அவள் கை, அங்கே இல்லாத ஒரு டம்ளரைத் தேடியது.

மருந்துத் தொழிற்சாலையின் சுத்த அறையில் நின்றிருந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளை உறை. கண்கள் மட்டும் வெளியே. உள்ளே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எதிரே அவளைவிட உயரமான எஃகுத் தொட்டி. அதில் அவளுடைய ஆறு வருட உழைப்பு சுழன்றுகொண்டிருந்தது.

மருந்தை நானோ அளவுக் கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்து, நோய் இருக்கும் இடத்துக்கே அனுப்புவது அவள் ஆராய்ச்சி. கொழுப்பும் மருந்தும் கரைந்த ஆல்கஹாலைத் தண்ணீரில் விட்டால் துளிகள் தாமாக உருவாகும். பிறகு ஆல்கஹாலை வெளியே எடுக்க வேண்டும். மிஞ்சும் திரவத்தில் லேசாக நீலம் ஓடினால் துளிகள் சிறியவை. வெளுத்தால் ஒட்டிப் பெருத்துவிட்டன. கீழே கொட்ட வேண்டியதுதான்.

ஆய்வகத்தில், கையளவுக் குடுவையில், ஒரு தடவையும் வெளுத்ததில்லை. இந்தத் தொட்டியில் இரண்டு தடவை செய்தார்கள். இரண்டு தடவையும் திரிந்த பால்.

இது மூன்றாவது. இதுவும் போனால் தொட்டி இருமல் மருந்துக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவள் மருந்து குடுவையோடு நின்றுவிடும்.

தொட்டிக்குப் பொறுப்பான பொறியாளன் அவள் கணவனின் தம்பி. வாய் ஓயாதவன். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி மூன்றாவது வாய்ப்பை வாங்கியவனும் அவன்தான்.

"கலந்தாச்சு அண்ணி. ஆல்கஹாலை எடுக்கப் பம்பைப் போட்டுடவா?"

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி?"

"இரு தம்பி. எனக்கு டீ வேணும்போல இருக்கு."

"இங்கயா? நல்லா இருக்கு. என்னையும் சேர்த்து வெளிய தள்ளுவாங்க."

"விளையாடல. ஆய்வகத்துல கலந்து முடிச்சதும் கீழ இறங்கிப் போய் டீ குடிப்பேன். வந்துதான் ஆல்கஹாலை எடுப்பேன். ஒவ்வொரு தடவையும்."

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"சூடு சொன்னேன், வேகம் சொன்னேன், அளவு சொன்னேன். டீ குடிச்சதையுமா சொல்வாங்க?"

அவன் கை பம்பின் பொத்தானை விட்டு மெல்ல விலகியது.

"துளிக்கு மேல தோல் படிய அவகாசம் வேணும் தம்பி. நாம பிறந்த குழந்தையை இறக்கிவிட்டு ஓடுன்னு சொல்லியிருக்கோம்."

"சரி, எவ்வளவு நேரம் விடணும்?"

"ஒரு டீ நேரம்."

"யார் டீ? உங்க டீயா, எங்கண்ணன் டீயா? அவர் டம்ளரைக் கையில எடுத்தா ஆறி, ஆடை கட்டினப்புறம்தான் கீழ வைப்பார்."

"என் டீதான். அரை மணி. பக்கத்து அறைக்காரி வந்திருந்தா கொஞ்சம் கூட."

"அப்ப ஊர்க்கதையையும் கணக்குல சேர்க்கணும்."

கலக்கியை நிறுத்தினான். தொட்டி அடங்கியது. செய்ய ஒன்றுமில்லை. அவன் மகளுக்கு விழுந்த பல்லைப் பற்றிச் சொன்னான். அண்ணன் குறட்டையை நடித்துக் காட்டினான். உறைக்குள் அது அடைத்துக்கொண்ட குழாய் மாதிரி கேட்டது. அவள் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. பக்கத்து அறைக்காரியின் பேச்சையும் அவள் அப்படித்தான் கேட்பாள்.

பிறகு அவன் பம்பைப் போட்டான்.

திரவம் தொட்டியிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு வர நேரமானது. வந்ததும் டார்ச்சை அடித்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

நீலம்.

இருவரும் குழாயை விட்டு நகரவில்லை. நீலம் வந்துகொண்டே இருந்தது.

மாதிரியைத் தரச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனை செய்யும் அம்மா கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் வந்தார்.

"எல்லாம் சின்னத் துளிதான். தொட்டியை உங்களுக்கே விடச் சொல்லி எழுதறேன்."

கண் நிறைந்து அவள் மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைக்க முடியாது, கையுறை. அப்படியே நின்றாள். நன்றாக இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் அந்த அம்மா. "பதிவுல பார்த்தேன், நடுவுல நிறுத்தி வச்சிருக்கீங்களே, அது எந்த முறை? ஒண்ணு விடாம சொல்லுங்க. இனிமே ஒவ்வொரு தடவையும் அதே மாதிரிதான் செய்யணும்."

அவன் உறைக்குள் சிரித்துக் குலுங்கினான்.

"சொல்லுங்க அண்ணி, சர்க்கரை போட்டதா, போடாததா?"