கொடி ரோஜாவுக்குக் கவாத்து

திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த சவுரியம்மாள் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, மூங்கில் வேலியில் படர்ந்திருந்த கொடி ரோஜா முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டு நின்றது.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

"கவாத்து பண்ணேன். பன்னீர் ரோஜாவ வெட்னா தழைஞ்சி பூக்குதுல்ல?" என்றான் அவள் புருஷன் ஆரோக்கியம்.

பன்னீர் ரோஜா புதுத் துளிரில் பூக்கும், வெட்டினால் நல்லது. இந்தக் கொடியோ போன வருஷத்து நீளக் கிளையில்தான் பூக்கும். அந்தக் கிளையும் நிமிர்ந்து நின்றால் நுனியில் மட்டும் நாலு பூ விடும். படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்து, துளிருக்கு ஒரு கொத்து வரும். கல்லறைத் திருநாளன்று மகளின் குழிமேட்டைப் பூவால் மூட வேண்டுமென்று, வருஷம் முழுக்க ஒவ்வொரு கிளையாக வளைத்துக் கட்டியிருந்தாள்.

"செத்த புள்ளைக்கு வச்சிருந்ததுய்யா. கை அரிச்சா தண்டவாளத்த வெட்டிப் பாக்கறதுதானே."

பக்கத்து முருங்கையில் ஏறியிருந்த ஒரே கிளை ஆரோக்கியத்தின் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. அதை இறக்கி, "புடி" என்றாள். அவன் வேலியோடு வளைத்துப் பிடித்தான். உள்ளங்கையில் முள் ஏறியது.

"துணி சுத்திக்கினு புடிக்கட்டா?"

"வேணாம். துணி இருந்தா அழுத்திப் புடிப்ப, இதுவும் ஒடஞ்சிடும்."

அது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு கணுவுக்கும் வாழைநாரை அவள் அவசரமே இல்லாமல் முடிந்தாள்.