தலையசைப்பு

அன்று மழை பெய்ததா என்பது அருட்பிரகாசத்துக்கு இப்போது நிச்சயமில்லை. அவருடைய நினைவில் மைதானம் நனைந்துதான் கிடக்கிறது. எல்லைக்கோட்டின் வெள்ளை கரைந்து சப்பாத்தில் ஒட்டுகிறது. மகள் தர்மிகாவோ நல்ல வெயில் என்கிறாள். அடிபட்டவள் அவள், அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனால் பந்து கைக்கு வந்ததும் அவள் தலை திரும்பியதை அவர் பிழையாக நினைவு வைத்திருக்க வழியில்லை.

கோலியர்ஸ் வுட்டில், வீட்டு முன்னறையில், கிராமர் ஸ்கூல் நுழைவுச் சோதனைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவர் அவர். சோதனை என்ற சொல் காதில் விழுந்தால் மாதிரி வினாக்களைத் தேடாமல் அவரால் இருக்க ஏலாது. பதினேழு வயதுத் தர்மிகா ஒரு றக்பி லீக் கழகத்தில் விங்கில், மைதானத்தின் ஓரத்தில், ஓடிக்கொண்டிருந்தாள். பந்து கடைசியாக வந்து சேரும் இடம். அந்த வருடம் பிராந்திய அணிக்கு ஆள் எடுக்கக் கழகம் மூளைக்கும் ஒரு சோதனை வைத்தது. டாப்லெட்டில் ஆட்டக்காட்சி ஓடி, சட்டென்று உறையும். பந்தைக் கொடுப்பதா, கொண்டு ஓடுவதா, உதைப்பதா என்று அந்தக் கணமே தொட வேண்டும். யார் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்து இடமும் பயிற்சியும் தீர்மானிப்பார்கள். ஆயத்தம் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஆயத்தம் வேண்டாத சோதனையை அவர் நம்பவில்லை. விளையாட்டு அவருக்குத் தெரியாது. ஆனால் விடைகள் எப்படி அமைக்கப்படும் என்பது தெரியும். மாரிகாலம் முழுக்க, பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் போட்டு மகளைப் பழக்கினார். ஒவ்வொரு விடைக்கும் அவள் நிமிர்ந்து அவரைப் பார்ப்பாள். அவர் தலையசைப்பார். அடுத்தது.

கழகத்திலேயே கூடிய புள்ளி அவளுக்குத்தான். பந்தை முதலில் வாங்கி மற்றவர்களை நடத்துகிற ஹாஃப்-பாக் இடத்துக்கு அவளை மாற்றினார்கள். "அப்பா, நான் ஹாஃப்-பாக்!" என்று அவள் கட்டிப்பிடித்தபோது அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு அந்தப் பயிற்சி ஆட்டம். பந்து வந்தது. அவள் திரும்பி, கோட்டருகே நின்ற அவரைப் பார்த்தாள். கேள்வி என்னவென்றே தெரியாமல் அவர் தலையசைத்தார். எதிரணிப் பெண்ணின் தோள் அவள் விலாவில் இறங்கியது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஐஸ் பையைப் பிடித்தபடி அவள் மைதானத்தோர வாங்கில் உட்கார்ந்திருக்க, சோதனையை நடத்திய ஹம்சினி அவரிடம் வந்தாள். சென்னைப் பெண், உளவியல் படித்தவள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல ப்ராக்டிஸ் பண்ண வச்சீங்களா? ஸ்கோர்ல இருக்கிற பொண்ணு வேற, கிரவுண்ட்ல இருக்கிற பொண்ணு வேறயா இருக்கா."

அவர் மகளைப் பார்த்தார். என்ன கேட்கப்படுகிறது என்பது அவளுக்கு விளங்கியிருந்தது. தூரத்திலிருந்து மெல்ல, இடமும் வலமுமாகத் தலையாட்டினாள். சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு பிராந்திய அணிக்கான தெரிவு ஆட்டம். அங்கே வருகிற பிள்ளைகள் இதைவிடப் பாரமானவர்கள். அங்கேயும் அவள் திரும்பிப் பார்ப்பாள். அவர் விரல்கள் காற்சட்டைப் பைக்குள் கார்ச்சாவியைத் திருகிக்கொண்டேயிருந்தன. மைதானத்தில் யாரோ விசிலடித்து ஓய்ந்தார்கள்.

"ஓம். நான்தான் பழக்கினனான்."

"ஏன் சார்?"

"சோதனை எண்டால் பழக்காமல் விடுறதோ, பிள்ளை?"

அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவே தேவல போலிருக்கு." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்த ரிசல்ட்டை எடுத்துக்க முடியாது, சார். கோச்சுகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

காரில் வீடு திரும்பும் வழியில், டூட்டிங் சிக்னலில் தர்மிகா கேட்டாள்: "நான் தலையாட்டினதைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்."

"பின்ன?"

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"இனி மேட்ச் பாக்க வராதேங்கோ, அப்பா. நீங்கள் நிண்டால் என்ர கண் அங்கதான் போகுது."

பிராந்திய அணியில் தர்மிகாவுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது குரோய்டன் பக்கத்துக் கழகமொன்றில் விங்கில் ஓடுகிறாள். ஹம்சினி இப்போதெல்லாம் சோதனை நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. அருட்பிரகாசத்தின் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் விடை எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஞாயிறுகளில் மகளை மைதான வாசலில் இறக்கிவிட்டு, காரை மதிலைப் பார்க்க நிறுத்தி, ஆட்டம் முடியும்வரை உள்ளேயே இருக்கிறார்.