பன்னிரண்டு நிமிட மேடை

ஆண்டு விழா அழைப்பிதழை டைப் அடித்ததே ஜெசிந்தாதான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கலெக்டருக்கு மனு என்று ஊரில் எது நடந்தாலும் முதலில் அவள் விரலுக்குத்தான் தெரியும். கலை மன்றத்து அழைப்பிதழில் மூன்றாவது நிகழ்ச்சியாக ‘பறையிசை, மகளிர் குழு, 12 நிமிடம்’ என்று அடித்தபோது, தன் குழுவின் அந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மறுபடி பழையபடியே வைத்தாள்.

மறுநாள் மன்றத்துச் செயலாளர் கிருஷ்ணசாமி திருத்தத்தோடு வந்து நின்றார். ரிடையரான தலைமை ஆசிரியர். இன்னமும் சிவப்பு மையில்தான் திருத்துவார். மூன்றாவது வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ‘மாலை 5.30: வாயிலில் பறையிசை வரவேற்பு’ என்று எழுதியிருந்தார்.

“இன்னா சார் இது? மேடையில பன்னெண்டு நிமிஷம்னு நீங்கதான சொன்னீங்க?”

“கேட்டுல அடிச்சாதாம்மா விழாவுக்கே களை. மேடையில எங்க டைம் இருக்குது? வாழ்த்துரைக்கே ஒம்போது பேரு வந்து நிக்கிறாங்க.”

ஒன்பது வாழ்த்துரை! ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. கடை முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா தன் வரியைத் தன் கையாலேயே அழித்தாள். அழித்த பிறகு வெகுநேரம் அவளுக்கு எதையும் அடிக்க வரவில்லை.

அவள் கோபம் ஒரு நாள் கோபம் இல்லை. மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பறை பழகுகிறவர்கள் ஏழு பெண்கள். ஜெசிந்தாவைத் தவிர ஆறு பேரும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை, ஏழாவது நாள் இங்கே. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான். விருந்தினர் காரை விட்டு இறங்கினால் கேட்டில் அடிக்க வேண்டும். அவர் முன்னால் அடித்துக்கொண்டே மேடை அடிவரை போக வேண்டும். அங்கே யாராவது ஒருத்தர் கையைக் காட்டி, போதும் போதும் என்பார். விருந்தினர் மேடை ஏறுவார், இவர்கள் ஓரமாக, எல்லோரும் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளுக்கு மேடை, கீபோர்டு கிளாஸ் பையனுக்கு மேடை. நீங்கள் எந்தத் தெரு என்று யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்பானேன்? நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினாலே போதாதா?

இந்த வருஷம் விஷயம் வேறு. இசைவாணி என்கிற பெண், தையல் செக்‌ஷனில் இருப்பவள், ஒரு புது அடி கட்டியிருந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ் ஹாரன் அடிப்பதில் ஆரம்பித்து, வரிசையாக மிஷின் ஓடுவது, சூப்பர்வைசர் விரட்டுவது, டீக்கு விட்ட பத்து நிமிஷம், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவது வரை எல்லாம் பறையிலேயே. பதினொரு மாசம் பழகினார்கள். கணக்காகப் பன்னிரண்டு நிமிஷம். அதைக் கேட்டில் நின்று அடிக்க முடியுமா? கேட்டில் காருக்குத்தான் அடிக்கலாம்.

விஷயம் தெரிந்ததும் இசைவாணி, “அப்ப நாம போவவே வாணாம் அக்கா” என்றாள். ஜெசிந்தாதான் கேட்கவில்லை. நேரே கிருஷ்ணசாமி வீட்டுக்கே போய் நின்றாள். அவரும், “சரி சரி, விருந்தினர உள்ள கூட்டிக்கினு வந்ததும் நேரா மேடையில ஏறிடுங்க. என் பொறுப்பு” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஜனவரி கடைசி ஞாயிறு. சிறப்பு விருந்தினர் விருத்தாசலம், விழுப்புரத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர், மன்றத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்த புண்ணியவான். ஐந்தரைக்கு வர வேண்டியவர் ஏழாகியும் வரவில்லை. ஏழு பெண்களும் ஒரே கலர் சேலையில், பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டிலேயே நின்றார்கள். பனியில் பறைத் தோல் தொய்ந்து போகும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். விறைக்கும். கார் வராது. மறுபடி தொய்யும். மூன்று தடவை காய்ச்சியாகிவிட்டது. உள்ளே மேடையில் டான்ஸ் முடிந்து, பாட்டு முடிந்து, மாறுவேடமும் முடிந்தது.

அப்புறம் மைக்கில் கிருஷ்ணசாமி குரல் கேட்டது. விருந்தினர் வந்ததும் பொன்னாடை, வாழ்த்துரை, சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை, நாட்டுப்பண் என்று வரிசையாகப் படித்தார். பறை என்கிற வார்த்தையே அதில் வரவில்லை.

ஜெசிந்தா அதற்கு மேல் கேட்டில் நிற்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் மேடை ஓரத்தில் அவரைப் பிடித்தாள்.

“சார், எங்களுது எப்ப?”

“இப்ப போய் பேஜாரு பண்ணாதம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“உங்க பொறுப்புன்னு சொன்னீங்களே சார்!”

“சொன்னேன், இல்லன்னா சொல்றேன்? நீயே யோசிச்சிப் பாரு. நாலு பெரிய மனுஷங்க வர்ற எடத்துல, ஷூ கம்பெனி மிஷின் சத்தத்த யாரு உக்காந்துக்கினு கேப்பாங்க?”

சொல்லிவிட்டு, வந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். “ஐயா, வாங்க வாங்க. வழியே கேக்க வாணாம். பறை சத்தம் கேக்கும், கேட்ட எடத்துல டிரைவர உள்ள திருப்பச் சொல்லுங்க” என்று குழைந்தார். அட, வழி காட்டுவதற்கு மட்டும் பறை வேண்டுமாம்!

ஜெசிந்தா கேட்டுக்குத் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்தே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. “மேடை கெடையாதாம். யாரும் அடிக்க வாணாம்” என்றாள். குழுவில் இருந்த அம்சா மட்டும், “அடிக்கலன்னா ஞாயித்துக்கெழம பழக ஹால் குடுக்க மாட்டாங்களே அக்கா” என்று இழுத்தாள். இசைவாணி குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐந்தே நிமிஷத்தில் வெள்ளைக் கார் வந்தது. கேட்டருகே வந்து வேகம் குறைந்தது. டிரைவர் இந்தப் பக்கம் பார்த்தான். ஏழு பெண்கள் சும்மா நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. ஐம்பது அடி தள்ளி இருக்கிற கல்யாண மண்டபத்திலோ ஒரு காதுகுத்து விழா, செண்டை மேளம் காதைப் பிளக்கிறது. அவன் மேல் என்ன தப்பு? நேரே போய் அங்கே திருப்பினான். இவ்வளவு பெரிய மனுஷர் அழைக்காமலே வந்திருக்கிறாரே என்று காதுகுத்து வீட்டுக்காரர்கள் பூரித்துப் போய், இறங்கியதும் மாலை போட்டு, சந்தனம் பூசி, உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரும் ஒரு நாளைக்கு நாலு விழா பார்க்கிறவர். மாலை விழுந்தால் அதுதான் இடம் என்று உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

பொன்னாடையும் தட்டுமாக ஓடி வந்த கமிட்டிக்காரர்கள் காரின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். கிருஷ்ணசாமிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“ஏம்மா அடிக்கல? கையில கட்டு கிட்டு போட்டுக்கினு இருக்கீங்களா? மானத்த வாங்கிட்டீங்களே!”

அவர் போன் மேல் போன் போட்டார். அந்த மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? ஓர் ஆளை மண்டபத்துக்கு ஓட விட்டார். இதற்குள் உள்ளே மேடை காலியாகக் கிடக்க, ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள். விருந்தினர் வரும்போது காலி நாற்காலிகளா வரவேற்கும்? கிருஷ்ணசாமி திரும்பி ஓடி வந்தார்.

“ஜல்தி! அவரு வர்ற வரைக்கும் மேடையில ஏறி எதயாவது அடிச்சிக்கினு இருங்க, போங்க!”

எதையாவது! பதினொரு மாச ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு எதையாவதாகப் போய்விட்டன. ஜெசிந்தாவுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். இசைவாணி அதற்குள் பாதி படி ஏறிவிட்டிருந்தாள்.

“வா அக்கா. எதயாவது இல்ல, நம்மளுத அடிப்போம்.”

பஸ் ஹாரனில் ஆரம்பித்தார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் பந்தல் பக்கம் போனவர்கள் நின்றார்கள். பின்வரிசையில் ஷூ கம்பெனிப் பெண்கள் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். சூப்பர்வைசர் விரட்டுகிற அடி வந்தபோது அவர்களில் ஒருத்தி, “ஐயோ, அந்தாளேதாண்டி!” என்று கத்த, அந்தப் பக்கமே சிரித்தது. போனவர்கள் நாற்காலிக்குத் திரும்பி வந்தார்கள். உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார்கள்.

ஏழாவது நிமிஷம் கிருஷ்ணசாமி மேடை ஓரத்தில் வந்து கையை ஆட்டினார். நெற்றியில் சந்தனத்தோடும் கையில் தாம்பூலப் பையோடும் விருத்தாசலம் மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டாராம். “எறங்குங்க, எறங்குங்க, கேட்டுக்கு வாங்க!”

அம்சா ஜெசிந்தாவைப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள்.

“எறங்காதீங்கடி!” என்றாள் ஜெசிந்தா. அடி நிற்கவில்லை.

கிருஷ்ணசாமி மேடைமேலேயே ஏறி வந்துவிட்டார். கையில் பொன்னாடை, அத்தனை ஜனமும் பார்க்க அவள் முகத்துக்கு நேரே, “போதும், போதும்” என்றார். ஜெசிந்தா அவரை நேராகப் பார்த்து, குச்சியை ஓட விட்டபடியே சொன்னாள்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது சார். நீங்க போயி கேட்டுல நில்லுங்க.”

பின்வரிசையில் யாரோ, “மறைக்காதீங்க சார்!” என்று குரல் கொடுத்தார்கள். அவர் பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, கேட்டைப் பார்த்து நடந்தார்.