மணல் போத்தல்கள்

"திரும்ப வந்துட்டா என்னா செய்வீங்க அண்ணி?" என்று நாத்தனார் லெட்சுமணி ஒரு நாள் கேட்டுவிட்டாள். அன்றோடு சரோஜாதேவியின் நிம்மதி போயிற்று.

மாத்தளையில் அவர்கள் தெருவின் அம்மன் கோவில் மடைப்பள்ளியில், மாதவிலக்கு நின்ற பெண்கள் மட்டும்தான் சமைக்கலாம். சரோஜாதேவிக்கு நின்று நான்கு வருஷம். நின்றதும் முதல் வேலையாகப் போய் அகப்பையைப் பிடித்தவள் அவள். அந்தப் புகையும் நெய் வாசமும் இல்லாமல் திருவிழா என்ன திருவிழா? ஆனால் போன வருஷம் பொங்கல் அண்டாவை இறக்கும்போது கை நடுங்கி, பாதிப் பொங்கல் தரைக்குப் போய்விட்டது. அடுத்த முறை சிந்தாமல் இறக்கினால்தான் மடைப்பள்ளியில் இடம் என்று பொறுப்பாளர் நல்லையா கறாராகச் சொல்லிவிட்டார்.

இது எலும்பு தேயும் வயது, பாரம் தூக்கிப் பழகுங்கள் என்றாள் க்ளினிக்கில் தாதி றிப்னா மிஸி. சரோஜாதேவி இரண்டு பெரிய போத்தல்களில் மணலை அடைத்து, காலையில் கிணற்றடியில் தூக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் தலை சீவக்கூடக் கை எழவில்லை.

அதைப் பார்த்துத்தான் லெட்சுமணி கேட்டாள். பாரம் தூக்கினால் ஹோமோன் ஏறுமாம், போனில் பார்த்தாளாம். ஏறினால் பழையபடி மாதா மாதம் வீட்டுக்குத் தூரம்தானே? தூக்காவிட்டாலும் மடைப்பள்ளி இல்லை, தூக்கினாலும் இல்லை. போத்தல்கள் மூன்று நாள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

நாலாம் நாள் மிஸியிடமே போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். மிஸி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பாரம் தூக்கினா நின்னது திரும்பி வராது. அந்த ஹோமோன் பழைய அளவுக்கு ஏறாது. எலும்பும் சதையும்தான் பலமாகும். எப்பயாவது ரத்தம் பட்டா அது வேற காரணம், ஒடனே இங்க வாங்க. போத்தல மட்டும் விட்றாதீங்க."

ஆறு மாதம் விடவில்லை. இரண்டு போத்தல் நாலானது.

திருவிழாவன்று அண்டா பொங்கி அடங்கியது. நல்லையா வாசலில் கை கட்டி நின்றார். ஒரு பக்க வளையத்தை, தனக்கும் நின்றுவிட்ட லெட்சுமணி பிடித்தாள், மறுபக்கத்தை சரோஜாதேவி. தூக்கியதும் நடுங்கியது லெட்சுமணியின் கைதான்.

"அண்ணி, மெல்ல, மெல்ல."

சரோஜாதேவி பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, அண்டாவை அலுங்காமல் இறக்கினாள்.

"அந்தப் போத்தல்ல ரெண்ட எனக்குத் தாங்க," என்றாள் லெட்சுமணி மூச்சு வாங்க.

நல்லையா உள்ளே வந்து, குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. ஆணியில் தொங்கிய பெரிய அகப்பையை எடுத்து சரோஜாதேவியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.