ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்க்கட்சி

1

இந்தக் கதை ஓர் ஒழுகும் கூரையிலிருந்து எனக்குக் கிடைத்தது. கூரை என்னுடையதல்ல, எங்கள் கூட்டுப்பண்ணையின் கிடங்குக் காவலன் எவ்சேயுடையது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘1988ஆம் ஆண்டு, சோவியத் நாடெங்கும் சீர்திருத்தக் காற்று பலமாக வீசி...’ அடித்துவிட்டேன். அப்படி வீசியிருந்தால் எவ்சேயின் கூரைதான் முதலில் போயிருக்கும்.

2

புதிய ஜனநாயகத்தைப் பார்க்க மேற்கு ஜெர்மனிக்காரர்கள் வருகிறார்கள், பார்த்துப் பிடித்துப்போனால் பால் கறக்கும் இயந்திரம் தருவார்கள் என்று மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. பண்ணைத் தலைவர் சகார் கூட்டம் போட்டார்.

“என்னை எதிர்த்துக் கை தூக்க ஒரு ஆள் வேணும். யாரு?”

எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். எவ்சேய் தும்மினான். அவனையே ஏகமனதாக எதிர்க்கட்சியாக்கினார்கள்.

“தலைவரே, நாளைக்கே இதெல்லாம் பழையபடி மாறிடுச்சுன்னா என்னை சைபீரியாவுக்கு அனுப்பிடுவாங்களே?”

“ஒரே ஒரு கைதானேப்பா. உன் கூரைக்குத் தகரம் நான் தரேன்.”

வீட்டில் மனைவி கிளஃபீரா, ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்தியபடி சொன்னாள்: “தகரம் வர்ற வரைக்கும் கையைப் பாக்கெட்லயே வெச்சிருய்யா.”

[முதலில் எவ்சேயை வீரனாக எழுதிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக உரையாற்றினான். தாங்க முடியாமல்தான் தும்ம வைத்தேன்.]

3

விருந்தாளிகள் முன்வரிசையில். கேள்வி ஒன்றுதான்: சகார் தலைவராகத் தொடரலாமா? வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று, எதிர்ப்பவர்களை முதலில் கேட்டார் சகார்.

தகரம் இன்னும் வரவில்லை. எவ்சேய் கிளஃபீராவைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினான்.

எங்கள் பண்ணையில் ஒரு பழக்கம். கூட்டத்தில் பெண்கள் பின்னல் போடுவார்கள், ஆண்கள் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ஒரு கை மேலே போனால் எல்லாக் கையும் போகும். எதற்கென்று கேட்பது அநாகரிகம். அன்றும் போயின. சகாரின் கையும்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளப் பெண் தலையைச் சொறிந்தாள். “இது பழைய முறையா, புது முறையான்னு கேக்கறாரு.”

எவ்சேய்தான் வாயைத் திறந்தான். “அப்போ என் தகரம்?”

“அதைத் தலைவர்கிட்ட கேளு,” என்றார் சகார், பதவி போன முகத்தோடு.

“யாரு தலைவரு?”

இன்னும் இறங்காத ஒரே கை அவனுடையது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

4

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் எவ்சேய் சைபீரியாவில் இருக்கிறான். அங்கே கூரை ஒழுகுவதில்லை, உறைந்துவிடுகிறது. மற்றதில் அவனே தலைவர். தகரத்தைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறான், தும்முகிறவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். மூன்றாவதாக ஒன்று எழுதினேன், அதில் இயந்திரம் வந்து, பசுக்கள்... வேண்டாம், பசுக்கள் ஒத்துழைக்கவில்லை.

நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் முடிவை எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம். பக்கத்திலிருப்பவரைப் பார்க்காமல்.

கொஞ்சம் சீக்கிரம். எவ்சேயின் கை இன்னும் மேலேயே நிற்கிறது, வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது.